கெட்டிக் காப்பு, கோறைக் காப்பு: உருண்டைக் காப்பு வாங்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் எந்த நகைக்கடைக்குள் ஏறினாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் உருண்டைக் காப்புச் சோடி ஒன்றாவது இருக்கும். சித்திர வேலை எதுவும் இல்லாமல் மழமழவென்று 4 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கிற சாதாரண காப்பு. பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டில் ஒன்று ஐந்தரைப் பவுணுக்கு மேல் நிற்கும், மற்றது ஒன்றரைப் பவுண்தான் வரும். நிறமும் பளபளப்பும் ஒன்று. உட்புறம் குத்தியிருக்கும், 22 கரட் என்று காட்டும் 916 முத்திரையும் ஒன்று. நடுவில் பவுண் இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்பதில்தான் நான்கு பவுண் வித்தியாசம்.

இங்கே பார்ப்பது மூன்று வகை: உள் முழுக்கப் பவுணான கெட்டிக் காப்பு, உள் வெறுமையான கோறைக் காப்பு, கோறைக்குள் அரக்கு நிரப்பிய காப்பு. மூன்றும் 22 கரட், 2-6 அளவு, அதாவது உள்விட்டம் 60 மில்லிமீற்றர். தங்கத்தையும் பவுண் என்போம், நிறைக் கணக்கில் ஒரு பவுண் என்றால் 8 கிராம். 7.98 கிராம் நிறையுள்ள பழைய ஆங்கிலத் தங்க நாணயத்தின் பெயரும் கணக்கும்தான் நம்மிடம் இன்றைக்கும் நிற்கிறது. அந்த நாணயமும் 22 கரட்தான்.

முதலில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். கோறை விழுந்த பனை என்றால் வெட்டி விறகுக்குப் போடுகிற பனை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் நகைக்கடையில் அந்தச் சொல் வாயில் வராது. "லைற் வெயிற்" என்பார்கள். அதிலாவது பொய் இல்லை. சிக்கல் "கெட்டி" என்ற சொல்லில்தான் இருக்கிறது. கெட்டி என்றால் உறுதியானது என்றும் பொருள், உள்ளே முழுக்க நிறைந்தது என்றும் பொருள். "நல்ல கெட்டியான காப்பு" என்று விற்பவர் உறுதியைச் சொல்வார். வாங்குபவர் உள் நிறைந்தது என்று எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். பிறகு அடைவு வைக்கப் போகிற அன்றைக்குத்தான் பிசகு தெரியவரும். ஆகவே "கெட்டியோ?" என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. "அண்ணை, இது உள் முழுக்கப் பவுணோ, கோறையோ? கோறையெண்டால் தகட்டுத் தடிப்பு எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். தகட்டுத் தடிப்பைத் தயங்காமல் சொல்கிற கடையை நம்பிப் பேச்சைத் தொடரலாம்.

அந்தத் தடிப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கே காட்டும். 22 கரட் பவுண் ஒரு கன சென்ரிமீற்றர் ஏறத்தாழ 17.7 கிராம். 2-6 அளவில் 4 மில்லிமீற்றர் கெட்டிக் காப்பு ஒன்றின் கனவளவு 2.53 கன சென்ரிமீற்றர். நிறை 44.7 கிராம், ஐந்தரைப் பவுணைத் தாண்டும். அதே காப்பு 0.3 மில்லிமீற்றர் தகட்டில் கோறையாக இருந்தால் 12.4 கிராம், ஒன்றரைப் பவுணுக்குச் சற்று மேல். 0.2 மில்லிமீற்றர் தகடு என்றால் 8.5 கிராம், அதாவது ஒரு பவுண். தகட்டில் 0.1 மில்லிமீற்றர் குறைய அரைப் பவுண் போய்விடுகிறது. கையில் போட்டால் இந்த 0.1 கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காப்பு எத்தனை வருசம் உழைக்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

கோறைக் காப்பு செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் அது எங்கே பிழைக்கும் என்பதும் விளங்கும். செம்பு அல்லது இரும்புக் கம்பியின் மேல் பவுண் தகட்டைச் சுற்றி, விளிம்பைப் பற்றாசு என்ற ஒட்டுக் கலப்பு வைத்துப் பொருத்தி, கம்பி இழுக்கும் அச்சுக்குள்ளால் இழுத்து வேண்டிய தடிப்புக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே கம்பி இருப்பதால் வளைக்கும்போது தகடு நெளியாது. வளைத்து முடிந்த பிறகு அமிலத்தில் போட்டால் உள் கம்பி கரைந்து வெளியேறும். செம்புக்கு நைத்திரிக்கமிலம், இரும்புக்கு ஐதரோக்குளோரிக்கமிலம். 22 கரட் பவுணை இவை இரண்டும் கரைக்காது. கடைசியாக இரண்டு முனைகளையும் ஒட்டுவார்கள். ஒட்டும்போது உள்ளே சூடாகி விரிகிற காற்றுப் போக வழி வேண்டும். அதற்காகக் காப்பின் உட்புறத்தில் ஊசிமுனை அளவில் ஒரு துளை விடுவார்கள். துளை விடாமல் நெருப்பு ஊதி ஒட்டினால் பொருத்து வெடிக்கும், வெடிக்காவிட்டால் ஆறும்போது தகடு உள்வாங்கும்.

பிழைகள் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் தொடங்குகின்றன. கம்பி முழுவதும் கரையாமல் விட்டால் செம்பைப் பவுண் விலைக்கு வாங்கியதாகிவிடும். அமிலம் நன்றாகக் கழுவப்படாவிட்டால் சில மாதங்களில் துளையோரம் பச்சையாகக் கசியும். துளை வழியே வியர்வையும் சவர்க்காரத் தண்ணீரும் உள்ளே போகும். நமது கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் உள்ளே காய்ந்தால் வெள்ளைப் படிவு தங்கும், பிறகு காப்பைக் காதோரம் ஆட்டினால் மணல் உருளுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். பற்றாசு என்பது கரட் குறைந்த கலப்பு. பொருத்து நீளமாக ஓடுகிற நகையில் அதன் பங்கும் கூடும். உருக்கிப் பார்க்கும்போது முத்திரையில் உள்ள 916ஐ விடச் சற்றுக் குறைய வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெளிவுதான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை. கிணற்றுக்கட்டில் ஒரு தட்டு, மினிபஸ் கம்பியில் ஒரு இடி போதும். 0.2 தகட்டில் விழுந்த குழி அப்படியே நிற்கும். உள்ளிருந்து தட்டி எழுப்ப இடமில்லை. வெளியிலிருந்து இழுத்தெடுக்கப் போனால் தகடு கிழியும். வெட்டுவேலை செய்த காப்பில் இது இன்னும் மோசம். மினுக்கத்துக்காக வைர ஊசியால் 0.1 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் கீறிய இடத்தில் 0.3 தகடு 0.2 ஆகிறது, 0.2 தகடு பாதியாகிறது. மெருகு போட ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் மேலே கொஞ்சம் போகும். கெட்டிக் காப்புக்கு அது கணக்கில்லை. கோறைக் காப்பை வருசா வருசம் மெருகுக்குக் கொடுத்தால் விளிம்புகளில் ஓட்டை விழும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் கோறையை ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டோம். மூங்கிலும் கோறைதான், அதனால்தான் அவ்வளவு மெல்லிய உடம்போடு காற்றில் நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றரைப் பவுணை 4 மில்லிமீற்றர் குழாயாகச் செய்தால், அதே பவுணில் 2.1 மில்லிமீற்றர் கெட்டிக் கம்பியாகச் செய்ததை விட வளைவதற்கு எதிராக ஆறு மடங்கு விறைப்பாக இருக்கும். குழாய்க் காப்பு வட்டம் மாறாமல் நிற்கும், கம்பிக் காப்பை விரலால் அமத்தினாலே நீள்வட்டமாகும். ஆனால் வளைந்த கெட்டிக் காப்பைப் பத்தர் காப்பு உருளையில் போட்டு மரச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் பழையபடி வட்டமாகிவிடும், ஒரு துளி பவுணும் போகாது. குழி விழுந்த குழாய்க்கு அந்த வழி இல்லை. ஒன்றரைப் பவுண்தான் கையில் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் போட வேண்டும் என்றால் 2 மில்லிமீற்றர் கெட்டிக் காப்பை எடுங்கள். மெல்லியதாகத் தெரியும், பேரப்பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

அரக்கு நிரப்பிய காப்பு இந்த மூன்றில் எமக்குப் பிடிக்காதது. வேலையில் குறை இல்லை. அரக்கு உள்ளிருந்து தாங்குவதால் குழி விழுவது குறையும், பழைய பத்தர்கள் தெரிந்து செய்த நல்ல உத்தி அது. பிரச்சினை தராசில் வருகிறது. 0.3 தகட்டுக் காப்புக்குள் ஏறத்தாழ 2 கிராம் அரக்குப் பிடிக்கும். அது கால் பவுண். சோடிக்கு அரைப் பவுண். பற்றுச்சீட்டில் அரக்கின் நிறை தனியாக எழுதிக் கழிக்கப்படாவிட்டால் அரைப் பவுண் காசுக்கு அரக்கு வாங்குகிறீர்கள். அரக்கு சூட்டில் இளகும். பொருத்து விட்டுப்போய் மறுபடி ஊத வேண்டி வந்தால் முதலில் அரக்கை எடுத்தாக வேண்டும், எடுக்காமல் ஊதினால் புகைந்து பொங்கி வழியும். திருத்தக் கொடுக்கும்போது உள்ளே அரக்கு என்று பத்தரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனிச் சோதிக்கும் முறை. உரைகல்லும் கரட் மீற்றரும் மேல் தோலை மட்டுமே பார்க்கும். உள்ளே காற்றா செம்பா என்று அவற்றுக்குத் தெரியாது. "மெசின்ல பார்த்தாச்சு, 91.6 காட்டுது" என்பது தகட்டுக்கு மட்டும் பொருந்துகிற உண்மை.

முதலில் வேர்னியர் கேட்டுத் தடிப்பை அளவுங்கள். தடிப்பை மில்லிமீற்றரில் எடுத்து அதையே அதால் பெருக்கி, வருவதை 2.75ஆல் பெருக்கினால் 2-6 அளவு கெட்டிக் காப்பு எத்தனை கிராம் நிற்க வேண்டும் என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். 3 மில்லிமீற்றர் என்றால் 9 தர 2.75, அதாவது 25 கிராம் அளவில். தராசு 10 காட்டினால் கோறை. இது ஒரே சீரான உருண்டைக் காப்புக்கு மட்டும் பொருந்தும். முறுக்கு, பட்டை, பூவேலைக்குப் பொருந்தாது.

அவற்றுக்குத் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. 0.01 கிராம் காட்டுகிற தராசு வேண்டும். காப்பை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசை பூச்சியமாக்கி, காப்பை மெல்லிய நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் முட்டக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் நிறையை வகுங்கள். 17க்கும் 18க்கும் இடையில் வந்தால் உள் முழுக்க 22 கரட். மேலே சொன்ன 4 மில்லிமீற்றர், 0.3 தகட்டுக் கோறைக் காப்பு 5க்குச் சற்றுக் கீழே காட்டும். அரக்கு நிரப்பினால் 5.7 அளவில் வரும். செம்புக் கம்பி உள்ளேயே விடப்பட்டிருந்தால் 11க்கு மேல் காட்டும். இப்படி நடுவில் நிற்கிற எண் கண்டால் அந்தக் காப்பை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தொங்கவிட்டதும் நீர்க்குமிழி வந்தால் அது காற்றுத் துளை இருக்கும் இடம். குமிழி நிற்காமல் வந்தால் பொருத்தில் வெடிப்பு, உள்ளே தண்ணீர் ஏறுவதால் கணக்கும் பிழைக்கும்.

சத்தமும் உதவும். நூலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினால் கெட்டிக் காப்பு மணி மாதிரி இழுத்து ஒலிக்கும், கோறை சட்டென்று அடங்கும், அரக்குக் காப்பில் ஒலியே எழாது. பழகிய காதுக்கு இது போதும். மற்றவர்கள் தராசை நம்புவது நல்லது.

எதை எதற்கு எடுக்கலாம்? ஜிமிக்கி, தோட்டுக் குடை, மாலை மணி எல்லாம் பிறப்பிலேயே கோறை. கெட்டியாகச் செய்தால் காது தாங்காது, அங்கே கேள்வியே இல்லை. கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று வருசத்தில் சில தரம் மட்டும் போடும் காப்புக்கு 0.3க்குக் குறையாத கோறை போதும். சங்கிலிக்கு வேண்டாம். வளையம் வளையத்தோடு உரசுகிற இடத்தில் தகடு தேய்ந்து திறந்துவிடும், ஒரு வளையம் போனால் அடுத்ததும் போகும், பத்தரும் கைவிரிப்பார். தாலிக்கொடியைக் கோறையில் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமுடியாது. பொன்னுருக்கில் உருக்கிய பவுணில் தாலி செய்து, 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் பவுண் எண்ணிக் கொடி செய்வது நமது வழக்கம். பவுண் போதாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், 9 பவுண் கெட்டிக் கொடி 13 பவுண் தோற்றம் காட்டும் கோறைக் கொடியை விட நூறு மடங்கு மேல். கழற்றாமல் போடுகிற நகை அது. இடர் வந்த காலங்களில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியதும் அதுதான்.

அடைவுக்குப் போனால் அரக்கையும் கல்லையும் கழித்துத்தான் மதிப்புப் போடுவார்கள். கோறை நகைக்கு இன்னும் கொஞ்சம் கீழே போடுவார்கள், சிலர் வாங்கவே மாட்டார்கள். விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. கோறைக்கு ஒரு கிராமுக்கு விழும் செய்கூலி கெட்டியை விடக் கூட என்பதால் அந்த இழப்பும் விகிதத்தில் கூட. பற்றுச்சீட்டில் நான்கு விசயம் எழுதுவியுங்கள்: மொத்த நிறை, அரக்கு இருந்தால் அதன் நிறை கழித்த பவுண் நிறை, கரட், கெட்டியா கோறையா என்ற சொல். "22 கரட் காப்பு சோடி 1" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள், திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த கோறைக் காப்பைக் குளிக்கும்போது கழற்றுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போடாமல் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும். பெட்டிக்குள் அட்டியலுக்கும் பதக்கத்துக்கும் கீழே வைக்காமல் பஞ்சில் சுற்றித் தனியாக வையுங்கள். குழிகள் கையில் போட்டிருக்கும்போது மட்டும் விழுவதில்லை, அலுமாரிக்குள்ளும் விழுகின்றன.