இன்டர்நெட் ஆர்க்கைவ்: ஒரு பக்கத்துக்காக நூலகத்தையே பூட்டலாமா?

விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை எழுதுவதைவிட, பழைய கட்டுரைகளின் அடியில் இருக்கும் மேற்கோள்களைச் சரிபார்ப்பதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. இணைப்பைச் சொடுக்கினால், பக்கம் இல்லை என்று சொல்லும் 404 பிழை வரும். செய்தித்தளம் முகவரியை மாற்றியிருக்கும், அரசுத்துறை புதுத் தளத்துக்குப் போயிருக்கும், இல்லையென்றால் தளத்தையே மூடியிருப்பார்கள். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் காணாமல் போய்விட்டதாகப் பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. அந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. இந்த வேலைக்கு நான் பெரிதும் நம்பியிருப்பது, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினைத்தான். பைரசித் தடுப்புச் சட்டங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் கவலையும் இதைப் பற்றியதே.

முதலில் சேவை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். செத்துப்போன முகவரியை ஒட்டினால் மேலே ஆண்டுவாரியாகக் கோடுகள் வரும், கீழே நாட்காட்டி. பக்கம் சேமிக்கப்பட்ட தேதிகளில் வட்டம் இருக்கும். நீல வட்டம் என்றால் பக்கம் ஒழுங்காகக் கிடைத்தது, பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டது, ஆரஞ்சு என்றால் அன்றைக்கே பக்கம் இல்லை, சிவப்பு என்றால் அந்தத் தளத்தின் சர்வர் படுத்துவிட்டது. பலர் கடைசித் தேதியைச் சொடுக்கி, அதில் பிழைப்பக்கம் வந்ததும் திரும்பிவிடுகிறார்கள். நான் எப்போதும் மேற்கோள் சேர்க்கப்பட்ட தேதிக்குப் பக்கத்தில் உள்ள நீல வட்டத்தைத்தான் எடுப்பேன். கட்டுரை எழுதியவர் படித்த வாசகம் அதில்தான் இருக்கும். பிறகு செய்தியைத் திருத்தியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். சேமித்த முகவரியின் நடுவே 14 இலக்க எண் ஒன்று வரும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு பக்கம் எந்த நொடியில் என்ன சொன்னது என்பதற்கு இதைவிடக் கைக்கெட்டும் சான்று எனக்குத் தெரியாது.

குறைகளும் நிறைய. மெதுவாகத் திறக்கும். ஸ்கிரிப்டை நம்பி ஓடும் பக்கங்கள் பாதி வெறுமையாக வரும், காணொளி பெரும்பாலும் இருக்காது. சேமித்த பக்கங்களுக்குள் ஒரு சொல்லைப் போட்டுத் தேட வழியில்லை. முகவரி தெரிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் ஊடுருவல் நடந்து சுமார் 3.1 கோடிப் பயனர் கணக்குகளின் விவரம் கசிந்தது, தளமும் பல நாள் தள்ளாடியது. அந்த வாரங்களில் மேற்கோள் வேலை அப்படியே நின்றுபோனது. கணக்கு வைத்திருப்பவர்கள் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லையே இங்கே வையுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ப்ரூஸ்டர் கேல் 1996-இல் தொடங்கிய இந்த ஆர்க்கைவ், லாபநோக்கற்ற நிறுவனம். 2025-இல் அதன் இணையப் பக்கச் சேமிப்பு ஒரு லட்சம் கோடியைத் தொட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றில் யாரோ ஒருவருக்குப் பதிப்புரிமை உண்டு. அப்படியும் இது நடக்கிறதென்றால், 1998-இல் வந்த அமெரிக்கச் சட்டமான டிஎம்சிஏ ஒரு முக்கியக் காரணம். உரிமையாளர் அறிவிப்பு அனுப்பினால் தளம் அந்தக் குறிப்பிட்ட பொருளை நீக்க வேண்டும், நீக்கினால் தளத்துக்குப் பொறுப்பு இல்லை, ஏற்றியவர் மறுப்பு அனுப்பலாம் என்பது அதன் ஏற்பாடு. தவறான அறிவிப்புகளால் அதிலும் அநியாயம் நடக்கிறது. ஆனாலும் அடி விழுவது ஒரு பக்கத்தின் மேல், ஒரு கோப்பின் மேல்.

2011-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்த சோபா, பிபா என்ற இரண்டு மசோதாக்களும் இந்த அளவையே மாற்றப் பார்த்தன. இலக்கு வெளிநாட்டுத் திருட்டுத் தளங்கள்தான் என்றார்கள். ஆனால் கருவி என்ன? இணையச் சேவை வழங்குநர்கள் தளத்தின் பெயரையே டிஎன்எஸ்ஸில், அதாவது தளப் பெயரைக் கொண்டு அதன் சர்வரைக் கண்டுபிடிக்கும் இணைய முகவரிப் புத்தகத்தில், மறைக்க வேண்டும், தேடுபொறி இணைப்பை எடுக்க வேண்டும், பணப் பரிமாற்ற நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் உறவை முறிக்க வேண்டும். பால் விக்ஸி, டான் கமின்ஸ்கி உள்ளிட்ட டிஎன்எஸ் வல்லுநர்கள், இது இணையப் பெயர்களின் பாதுகாப்பு ஏற்பாட்டோடு மோதும் என்று 2011 மே மாதமே எழுதிக் கொடுத்தார்கள். பெயரை மறைத்தால் திருட்டுத் தளம் நாளைக்கே புதுப் பெயரில் வரும். பெயரையே மேற்கோளாக நம்பியிருக்கும் எங்கள் வேலைதான் அறுந்துபோகும்.

இந்த மசோதாக்களை எதிர்த்து 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் கறுத்தது. கட்டுரைக்குப் பதில், கட்டற்ற அறிவு இல்லாத உலகை நினைத்துப் பாருங்கள் என்ற வரி. அதன் கீழே அமெரிக்க வாசகர்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தங்கள் உறுப்பினரைக் கண்டுபிடிக்க ஒரு பெட்டி. ஆர்க்கைவும் அன்று 12 மணி நேரம் தன்னை மூடிக்கொண்டது. இரண்டே நாளில் மசோதாக்கள் கிடப்பில் போயின. ஆனால் இடைப்பட்ட ஜனவரி 19 அன்று, ஏற்கெனவே இருந்த சட்டத்தைக் கொண்டே மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியது. திருட்டுப் படங்களோடு சேர்ந்து, சொந்தக் கோப்புகளை அங்கே வைத்திருந்தவர்களும் வெளியே நின்றார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்து வந்த ஒருவர் தன் படங்களைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

ஆர்க்கைவுக்கே இந்த அடி விழுந்ததும் உண்டு. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படத் தயாரிப்பு நிறுவனங்கள் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியல் இருந்தது. அதில் ஆர்க்கைவின் முகவரியும். இந்தியாவில் அது முடங்கியது. இரண்டு புதுப் படங்களைக் காப்பதற்காகக் கோடிக்கணக்கான பக்கங்களையும் புத்தகங்களையும் மூடுவது எந்தக் கணக்கில் நியாயம்? படத்தின் கோப்பு இருந்தால் அதைக் காட்டட்டும், அதை எடுக்கட்டும். படம் எடுத்தவருக்கும் புத்தகம் எழுதியவருக்கும் சேர வேண்டிய காசு சேரத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அதனால்தான் ஆர்க்கைவின், மின்பிரதிகளை இரவல் தரும் புத்தகப் பிரிவை அப்படியே பாராட்ட என்னால் முடியவில்லை. கையில் ஒரு பிரதி இருந்தால் ஒருவருக்கு மட்டும் மின்பிரதியை இரவல் தருவது என்ற பழைய முறை நியாயமானது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் காத்திருப்புப் பட்டியலை எடுத்துவிட்டு, எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று திறந்துவிட்டது தப்பு. உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களைக் கேட்காமல் செய்தது. நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. ஆர்க்கைவ் 2023-இல் தோற்று, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. தீர்ப்பு பழைய ஒன்றுக்கு ஒன்று முறையையும் சேர்த்து அடித்துவிட்டது, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவலிலிருந்து போய்விட்டன. பக்க எண்ணைச் சரிபார்க்க ஒரே ஒரு பக்கத்தைத் திறக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய இழப்பு.

ஆர்க்கைவிடம் எனக்கு ஒரு பெரிய கோரிக்கை இருக்கிறது. சில முகவரிகளைப் போட்டால், இது வேபேக் மெஷினிலிருந்து விலக்கப்பட்டது என்று ஒற்றை வரி வரும். யார் கேட்டார்கள், எப்போது, பதிப்புரிமைப் புகாரா, தள உரிமையாளரின் விருப்பமா, நீதிமன்ற உத்தரவா என எதுவும் இருக்காது. கூகுள் தனக்கு வரும் நீக்க அறிவிப்புகளை லூமன் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. அங்கே போய் யார் எதை நீக்கச் சொன்னார்கள் என்று தேடிப் பார்க்கலாம். தணிக்கைக்கு எதிராகத் தன்னையே 12 மணி நேரம் மூடிக்கொண்ட நிறுவனம், விலக்கிய ஒவ்வொரு முகவரிக்கும் காரணமும் தேதியும் எழுதி வைக்கட்டும். அது வரும்வரை, மேற்கோள் தரும் பக்கத்தை அங்கே ‘சேமி’ பொத்தானை அழுத்திப் பதிவுசெய்துவிட்டு, இன்னொரு பிரதியை உங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.