கடற்காற்றில் தகரப் பாத்தி: மூன்று வருடத்துக்குப் பிறகு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் இருக்கிறோம். வாடகை வீடு. கோடிப்புறம் முழுக்கச் சிமெந்து, மூலையில் ஒரு கறிவேப்பிலை மரம் மட்டும். மண் என்று சொல்ல அந்த மரத்தைச் சுற்றி ஒரு முழம் இருக்கும்.

கொரோனா ஊரடங்கு நாட்களில் பழைய பலகைகளை அடித்து ஒரு பெட்டி செய்து கீரை போட்டோம். ஒன்றரை வருடத்தில் கறையான் தின்று முடித்துவிட்டது. ஒரு நாள் ஓரத்தைத் தூக்கினேன், பலகை கையோடு மாவாக வந்தது. பிறகு 2022 வந்தது. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கமே சொன்ன காலம். என் கணவருக்கும் அந்த வெள்ளி கிடைத்தது. முதல் வெள்ளி முழுக்கத் தூங்கினார். இரண்டாவது வெள்ளிதான் தகரப் பாத்திப் பேச்சு தொடங்கியது: சுற்றிவரத் தகரம் நிறுத்தி, உள்ளே மண் நிரப்பிப் பயிர் வைக்கும் பெட்டி.

கல் வைத்துக் கட்ட வீட்டுக்காரர் விடமாட்டார். பைகளில் வைத்தால் இந்த வெயிலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றவேண்டும். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகக்கூடியது என்று பார்த்தால் தகரம்தான் மிஞ்சியது. ஒன்றை இணையத்தில் வாங்கினோம்: துண்டு துண்டாக அட்டைப்பெட்டியில் வந்து நாங்களே பூட்டுகிற வகை, கரும்பச்சை நிறம், 8 அடி நீளம், 3 அடி அகலம், 17 அங்குல உயரம். மற்றதை அதே அளவில் தெகிவளையில் ஒரு வெல்டிங் பாஸ் (இரும்பு வேலை செய்பவர்) செய்து தந்தார். கூரைக்குப் போடும் வெள்ளித் தகரத்தை இரும்புச் சட்டத்துக்குள் வைத்துத் திருகி அடித்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த மாமி இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, சவப்பெட்டி மாதிரிக் கிடக்கு" என்றா.

மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. இரண்டும் இன்னும் நிற்கின்றன, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

தகரம் துருப்பிடிக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. என் அனுபவத்தில் நடுத்தகரம் கடைசியில்தான் பழுதாகும். முதலில் போவது போல்ட். வாங்கிய பெட்டியின் விவரத்தில் போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருந்தது. பதினான்கு மாதம் கழித்து ஒரு மூலையை இறுக்கப்போனேன். திருகாணியின் தலை செதிள் செதிளாக உதிர்ந்து என் உள்ளங்கையில் மிளகாய்த்தூள் மாதிரிக் கிடந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த காந்தத்தைக் கொண்டுவந்து மிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், டக்கென்று ஒட்டியது. நல்ல ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் காந்தத்தை லேசாக இழுக்கலாம், ஆனால் இப்படி இறுக்கிப் பிடித்தால் சந்தேகப்படுங்கள். ஹார்ட்வெயார் கடையில் 304 தர ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினோம். கடலோரத்துக்கு 316 இன்னும் நல்லது, விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

அடுத்தது வெட்டிய ஓரம். தகரத்தின் இரண்டு முகத்திலும் பூச்சு இருக்கும், வெட்டிய விளிம்பில் இரும்பு வெறுமனே தெரியும். எங்கள் ஒழுங்கையில் காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் மாலையில் உப்புப் படிந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அந்த விளிம்பு என்ன பாடுபடும்! பாஸ் செய்த பெட்டியில் கீழ் விளிம்பு சிமெந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் எப்போதும் அங்கே தேங்கும். இரண்டாம் வருடம் கீழிருந்து ஒரு விரல் உயரத்துக்குத் துரு ஏறிவிட்டது.

இதில் ஒரு விஷயம் பிறகுதான் விளங்கியது. சாதாரணக் கல்வனைஸ் தகரத்தில் இருப்பது நாகப் (துத்தநாகப்) பூச்சு மட்டும். இப்போது கூரைக்குப் போடும் வெள்ளித் தகரத்தில் 55 வீதம் அலுமினியம், ஏறத்தாழ 43 வீதம் நாகம், கொஞ்சம் சிலிக்கன். கடற்காற்றுக்கு இரண்டாவதுதான் நின்றுபிடிக்கும். ஆனால் அலுமினியத்துக்கு ஈரச் சிமெந்தின் காரம் ஆகாது. காற்றில் உறுதியான தகரம் தரையில் அரிபடுகிறது. கூரைக்காகச் செய்த பொருளைத் தரையில் வைத்தால் அப்படித்தான். இப்போது இரண்டு பெட்டிகளையும் உடைந்த டைல் துண்டுகளின் மேல் ஒரு விரல் உயர்த்தி வைத்திருக்கிறோம். கீழ் விளிம்புக்குப் பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டியாயிற்று. முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை. மண் நிறைந்த பெட்டியைத் தூக்க முடியாது, அரைவாசி மண்ணை அள்ளி வெளியே போட்டுத்தான் செய்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

வாங்கிய பெட்டிக்கு இன்னொரு குறை. நீளப்பக்கத்தை இழுத்துப் பிடிக்க நடுவில் ஒரே ஒரு மெல்லிய கம்பி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிப் பாரம் ஏறியதும் இரண்டு பக்கமும் வயிறு வைத்துவிட்டது. 8 அடி நீளத்துக்குக் குறுக்குக் கம்பி குறைந்தது இரண்டு வேண்டும். தகரத்தின் தடிப்பையும் கேட்டு வாங்குங்கள். பாஸ் போட்டது கூரைக்கு வழமையான 0.47 மில்லிமீற்றர், அதுவே சட்டத்தின் புண்ணியத்தில் நேராக நிற்கிறது. சட்டம் இல்லாத வகை என்றால் 0.6க்குக் குறையாமல் பாருங்கள்.

இனி மண். பெட்டிக்குக் கொடுத்ததைவிட மண்ணுக்கும் எருவுக்கும் கொடுத்தது கூட, இதை யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை. கணக்கு எளிது. 8 அடி, 3 அடி, 17 அங்குலம் என்றால் 34 கனஅடி. மண், மணல் விற்பவர்கள் சொல்லும் ஒரு கியூப் என்பது 100 கனஅடி. ஆக ஒரு பெட்டிக்கு ஒரு கியூபில் மூன்றில் ஒரு பங்கு. படத்தில் அது சின்னப் பெட்டியாகத்தான் தெரியும், மண் மூட்டையை ஒழுங்கை முனையில் இருந்து தூக்கிக்கொண்டு வரும்போதுதான் அளவு தெரியும்.

செலவைக் குறைக்க அடியில் தேங்காய்ப் பொச்சு அடுக்கினோம். இங்கே பொச்சுக்கா பஞ்சம்? தேங்காய் வியாபாரி சும்மாவே தந்தார். அதன் மேல் வெட்டிய வாழைத்தண்டு, காய்ந்த இலை, மேலே ஒன்பது அங்குலம் மண்ணும் கூட்டெருவும் தும்புத்தூளும். நல்ல யோசனைதான், இரண்டு பிழை விட்டோம். பொச்சை ஊறவைக்காமல் போட்டது ஒன்று. முதல் மழைக்குத் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு தண்ணீர் ஒழுகிச் சிமெந்தெல்லாம் கறை. தும்புத்தூளைக் கழுவாமல் நிறையப் போட்டது மற்றது. அதில் உப்பு இருக்கும், உக்கும்போது மண்ணில் உள்ள நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். முதல் போகத்தில் வெண்டி முழங்கால் உயரத்தில் மஞ்சளாக நின்றது. மாமி ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாப்பாடு இல்லை பிள்ளை, எருப் போடு" என்றா. பழைய மாட்டெரு இரண்டு மூட்டை போட்டபிறகுதான் பச்சை திரும்பியது. புது எருவைத் தகரத்தோடு ஒட்டிப் போடவேண்டாம், அது பூச்சையும் தின்னும்.

முதல் வருட முடிவில் மண் ஆறு அங்குலம் இறங்கிவிட்டது. பயந்துபோனோம். பொச்சும் வாழைத்தண்டும் உக்கிப்போனால் இறங்கத்தானே செய்யும். ஒவ்வொரு போகத்துக்கும் முன் இரண்டு மூன்று அங்குலம் கூட்டெரு போடுகிறோம், சமையலறைக் கழிவு அதற்கே போகிறது.

தகரத்தில் நஞ்சு ஊறாதா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. நாகம் கொஞ்சம் ஊறும், மண் நன்றாகப் புளித்திருந்தால் (அமிலத்தன்மை ஏறியிருந்தால்) இன்னும் அதிகமாக ஊறும். பயிருக்கும் நமக்கும் சிறிதளவு தேவையான சத்துத்தான் அது. மண் புளிக்காமல் இடைக்கிடை டொலமைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் தூள்) தூவுகிறேன், அதற்கு மேல் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நான் பயப்படுவது வேறு இரண்டுக்கு. எந்தக் காலத்துப் பெயின்ற் என்று தெரியாத பழைய தகரத்தில் ஈயம் இருக்கலாம். மற்றது உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு. கொழும்பில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது என்று அதை வெட்டிப் பாத்திக்கு வரம்பு வைக்கிறார்கள். அதன் தூசி நுரையீரலுக்குப் போகும், தொடவே வேண்டாம்.

வெயில்? மதியம் இரண்டு மணிக்கு மேற்குப் பக்கத் தகரத்தில் கை வைக்க முடியாது. ஆனால் தகரத்தை ஒட்டி நான்கு விரல் அகலம்தான் சுடும், ஒரு சாண் உள்ளே விரலை விட்டால் மண் குளிர்ந்தே இருக்கும். அந்தப் பக்கத்தில் பசளிக் கொடியை நட்டு வெளியே தொங்கவிட்டோம், அது தகரத்தையே மூடிவிட்டது. பெட்டிக்குள் முளைத்த மிளகாய்க் கன்றுகளுக்கு மாசி, பங்குனியில் மேலே கிடுகு கட்டவேண்டும். நிறம் தெரிவு செய்ய முடிந்தால் வெளிர் நிறம் எடுங்கள். கரும்பச்சை படத்தில் வடிவாக இருக்கும், வேறொன்றும் இல்லை.

நுளம்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். டெங்குப் பரிசோதனைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் செடிகளைப் பார்க்கவே இல்லை. குனிந்து டோர்ச் அடித்துப் பெட்டிக்குக் கீழே பார்த்தார். ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க நான் வைத்திருந்த தட்டில் புழு நெளிந்தது. தண்டம் இல்லாமல் எச்சரிக்கையோடு தப்பினேன். அன்றோடு தட்டுகளை எறிந்துவிட்டு, அடியில் துணி விரித்து மண் வெளியே போகாமல் தண்ணீர் மட்டும் சிமெந்துச் சரிவில் ஓடி வாய்க்காலுக்குப் போகும்படி செய்தோம். பொலித்தீன் விரிக்காதீர்கள், கொழும்பு மழைக்குப் பெட்டி குளமாகிவிடும்.

காய்த்தது என்ன? கங்குன், பொன்னாங்காணி, பசளி மூன்றும் கேட்காமலே வரும். இந்த மூன்றரைப் பேர் வீட்டில் (மகனுக்கு ஐந்து வயது, கீரை என்றால் அரை ஆள்) கீரை வாங்கியே நாளாகிவிட்டது. வெண்டியில் ஹரிதா என்ற இனம் நன்றாகக் காய்த்தது. கத்தரிக்கு மாமி ஊரில் இருந்து தின்னவேலி ஊதா விதை கொண்டுவந்தா. வேறு கத்தரி வைக்கப் பேச்சுக்கும் இடமில்லை. பச்சை மிளகாயில் இலை சுருண்டு சுருண்டு ஒரு வருடம் போனது, இப்போது வேப்பெண்ணெய்க் கரைசலில் ஓரளவு தப்புகிறது. கரட்டும் லீக்ஸும் நுவரெலியாக்காரர்களுக்கே இருக்கட்டும்.

தக்காளிதான் அழவைத்தது. பிஞ்சு பிடித்து நின்ற செடி ஒரு மதியம் பச்சையாகவே தொங்கியது. தண்ணீர் ஊற்றினோம், அடுத்த நாள் பக்கத்துச் செடியும் தொங்கியது. தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டிய முனையில் இருந்து பால் போல ஒரு நூல் கீழே இறங்கியது. பற்றீரியா வாடல். மண்ணில் தங்கும் நோய், மருந்தடித்துத் தீராது. அப்போதுதான் இரண்டு பெட்டி வைத்ததன் அருமை தெரிந்தது. அந்தக் கரும்பச்சைப் பெட்டியில் இனித் தக்காளி, கத்தரி, மிளகாய் இல்லை. பயற்றங்காயும் கீரையும் மட்டும். ஒரு பெட்டிக்கு உபயோகித்த மண்வெட்டியைக் கழுவாமல் மற்றதில் வைக்க மாமி விடமாட்டா.

மேல்மாடி வீட்டார் மொட்டைமாடியில் இதே மாதிரி வைக்கக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஈரமண் ஒரு கனமீற்றர் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. 17 அங்குலம் நிரப்பினால் சதுர மீற்றருக்கு 600 கிலோவுக்கு மேல் வரும். வீட்டுத் தளங்களைச் சாதாரணமாக 150 முதல் 200 கிலோ வரைதான் கணக்கிட்டுக் கட்டுவார்கள். அங்கே பொறியியலாளரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. கீரைக்கு ஆறு அங்குல ஆழம் போதும், அதுவும் தும்புத்தூள் கூடிய இலேசான கலவையாக இருந்தால் நல்லது.

திரும்ப வாங்குவதென்றால் பாஸிடம்தான் போவேன். அவர் சட்டத்தில் வெல்டிங் பிடித்த இடமெல்லாம் துருப்பிடித்ததும் உண்மை, வருடத்துக்கொரு முறை சுரண்டிப் பெயின்ற் அடிக்கிறோம். ஆனால் பழுதானால் கூப்பிட்டால் வருகிறார், அட்டைப்பெட்டியில் வந்ததற்கு ஒரு துண்டு உடைந்தால் அதே துண்டு கிடைப்பதில்லை. அகலத்தைத்தான் மாற்றுவேன். மதிலோடு ஒட்டி வைத்த பெட்டிக்கு 3 அடி அதிகம். பின்னால் இருக்கும் கத்தரியை ஆய மாமி ஒரு காலைத் தகரத்தில் ஊன்றி ஏறுகிறா, பார்க்கவே பயமாக இருக்கிறது.

அதனால் மூன்றாவது பெட்டி 2 அடி அகலம். உயரம் மாமி குனியாமல் நிற்கும் அளவு. அவவை மதிலோடு நிற்கவைத்து அளந்து பாஸிடம் கொடுத்துவிட்டோம்: 32 அங்குலம், கீழ்ப்பாதியில் கவிழ்த்த பிளாஸ்டிக் கூடைகள், கீழ் விளிம்பு தரையில் படாமல் நான்கு கால்.