பித்தளை மிக்காடோ: ஓராண்டு ஓட்டத்துக்குப் பிறகு

எச்.ஓ அளவில், அதாவது 1:87-ல், 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும் மாதிரி நீராவி இன்ஜின் இது: யு.எஸ்.ஆர்.ஏ. (முதல் உலகப் போர்க்கால அமெரிக்க அரசு ரயில்வே நிர்வாகம்) லைட் மிக்காடோ. கொரியாவில் கையால் பற்றவைத்துச் செய்தது, 2-8-2 சக்கர அமைப்பு (முன்னால் 2, நடுவில் உந்தும் சக்கரம் 8, பின்னால் 2). அசல் வகையின் முதல் இன்ஜின், பால்டிமோர் அண்ட் ஒஹாயோ 4500, பால்ட்வின் ஆலையிலிருந்து 1918-ல் வெளிவந்து இன்றும் பால்டிமோர் மியூசியத்தில் நிற்கிறது. அதன் 63 அங்குல உந்து சக்கரம் மாதிரியில் 18.4 மி.மீ. தோற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டம் வேறு விஷயம்.

"கொஞ்ச நேரம் ஓட விடு, தானாகச் சரியாகிவிடும்" என்பதுதான் பித்தளை இன்ஜின் பற்றிப் பரவலாகக் கிடைக்கும் அறிவுரை. பாதிதான் உண்மை. ஓட்டம் கியர் பற்களையும் பேரிங்கையும் மெருகேற்றும். ராடுகளில், அதாவது உந்து சக்கரங்களை இணைக்கும் கம்பிகளில், சிக்கி இறுகும் பிடிப்பை எடுக்காது. பிடிப்போடு ஓடவிட்டால் ராடின் துளை முட்டை வடிவில் தேயும். அப்புறம் பிடிப்பு போனதுபோல் தெரியும், ஆனால் ஆட்டம் வந்துவிட்டிருக்கும்.

அதனால் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே ஒரு சோதனை. மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் சிலிக்கான் குழாயைக் கழற்றுங்கள். வார்ம் (திருகு வடிவக் கியர்) வழியாகச் சக்கரத்தைத் திருப்ப முடியாது என்பதால், கியர்பாக்ஸின் தண்டை விரலால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சக்கரச் சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால் குற்றவாளி ராடு, கிராங்க்பின் (ராடைச் சக்கரத்தில் பிடிக்கும் முளை), அல்லது இருபக்கச் சக்கரங்களுக்கு இடையே இருக்க வேண்டிய 90 டிகிரி விலகல். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இறுகினால் வார்மைப் பாருங்கள். கிராஸ்ஹெட் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் சறுக்குக் கட்டை) வழிகாட்டியில் உரசுவதும், எக்சென்ட்ரிக் ராடு (வால்வு கியரை அசைக்கும் மெல்லிய ராடு) பக்கத்து ராடில் இடிப்பதும் இந்த வகையில் சகஜம். இரண்டுமே மெல்லிய பட்டையை இம்மி வளைத்தால் தீரும்.

பெட்டிக்குள் பல வருடம் கிடந்த இன்ஜின் என்றால் கியர்பாக்ஸ் கிரீஸ் மெழுகாகியிருக்கும். திறந்து துடைத்து, பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய கிரீஸை வார்மில் பூசினால் போதும், நிரப்ப வேண்டாம். அச்சுகளுக்கும் ராடு மூட்டுகளுக்கும் ஊசி முனையில் நிற்கும் அளவு எண்ணெய். கூடினால் சக்கர விளிம்புக்கு வழிந்து தண்டவாளத்துக்குப் போகும். இழுவையும் மின்தொடர்பும் சேர்ந்தே கெடும்.

பழக்கும் ஓட்டம் ரயில் பெட்டிகள் இல்லாமல், வெறும் டெண்டரோடு (இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி). முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி, நடுத்தர வேகத்தில். 1 மீட்டரை 8 வினாடியில் கடந்தால் அசலின் 40 கி.மீ. வேகம், அதுவே போதும். பத்து நிமிடத்துக்கொருமுறை நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, விரல் வைக்க முடியாத சூடு என்றால் மீண்டும் பிடிப்பைத் தேட வேண்டியதுதான். வட்டப் பாதை என்றால் இன்ஜினைத் திருப்பி வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்க விளிம்பு மட்டுமே தேயும். முடிந்ததும் கிராங்க்பின் திருகுகளைக் கட்டாயம் இறுக்குங்கள். முதல் ஒரு மணி நேரத்தில்தான் அவை அதிகம் தளரும். ஒன்று கழன்று ராடு தொங்கினால் வால்வு கியர் (வால்வை அசைக்கும் ராடுத் தொகுதி) மொத்தமும் மடங்கிவிடும்.

காரணம் தெரியாமல் ஷார்ட் ஆகிறதா? இந்த இன்ஜின்களில் மின்சாரம் ஒரு தண்டவாளத்திலிருந்து இன்ஜின் சக்கரங்கள் வழியாகவும், மற்றதிலிருந்து டெண்டர் சக்கரங்கள் வழியாகவும் வருகிறது. டெண்டர் போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) ஒன்றைக் கழற்றி 180 டிகிரி மாற்றிப் பூட்டினால் போதும், நேரடி ஷார்ட். முன் போகியின் சக்கரம் குறுகிய வளைவில் சிலிண்டரின் பின்முகத்தைத் தொட்டாலும் அதேதான். 18 அங்குல ஆர வளைவில் இதை ஓட்டாதீர்கள். 24-க்கு மேல் நிம்மதி.

இழுவைதான் இந்த மாடலின் பலவீனம். பாய்லர் உள்ளே வெற்றிடம், சக்கரத்தில் நிக்கல் பூச்சு. முன், பின் போகிகளைக் கழற்றி, உருண்டைப் பென்சில் மேல் இன்ஜினை நிறுத்திப் பார்த்தால் எடை எங்கே சாய்கிறது என்று தெரியும். சமநிலை இரண்டாவது, மூன்றாவது உந்து சக்கரங்களுக்கு இடையே விழும்படி பாய்லருக்குள் ஈயம் வையுங்கள். பின் போகியின் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் உந்து சக்கரத்தின் எடையை அதுவே தூக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டியதில் ஏற்றத்தில் சறுக்கல் கண்கூடாகக் குறைந்தது.

பெயின்ட் இதற்கெல்லாம் பிறகுதான். பூசிய பின் ராடைக் கழற்றினால் கீறல் நிச்சயம்.

ஓராண்டில் முழுசாகத் தீராதது ஒன்று: இறக்கத்தில் பெட்டிகள் பின்னாலிருந்து தள்ளும்போது இன்ஜின் குலுங்கிக் குலுங்கி இறங்குகிறது. வார்ம் தண்டில் இருக்கும் முன்பின் ஆட்டமே காரணம். 0.1 மி.மீ. வாஷர் ஒன்று சேர்த்தபோது பாதி அடங்கியது. இரண்டாவதைச் சேர்த்தால் தண்டு இறுகிவிடுகிறது.