பேதி மாத்திரை: ‘இன்னும் ரெண்டு போடுங்க’ என்றால் போடாதீர்கள்

மலச்சிக்கலைப் பற்றி நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என்னை மாட்டிவிட்டதே அந்தக் கூச்சம்தான். அதனால் எழுதிவிடுகிறேன்.

ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது வயிற்றைக் கட்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து நாளாக ஒன்றும் போகவில்லை. வயிறு கல் மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு நெஞ்செரிச்சல் வேறு, அதற்குத் தினமும் ராத்திரி ஒரு மூடி ஆன்டாசிட் சிரப்.

மருந்துக் கடைக்குப் போனேன். பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, “மோஷன் போகல, ஏதாவது கொடுங்க” என்றேன். கல்லாவில் இருந்த பையன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு அட்டையை உருவி, கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டி, நாலு மாத்திரையை நீட்டினான். “ரெண்டு போடுங்க. கேட்கலைன்னா இன்னும் ரெண்டு போடுங்க.” அவ்வளவுதான். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எத்தனை நாளாக, வாந்தி உண்டா, வலி உண்டா என்று ஒரு கேள்வி கிடையாது. பில்லும் கிடையாது. மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அந்த மனிதரைத்தான் காணோம். சுற்றிலும் ஆள் நிற்கும்போது இதையெல்லாம் எங்கே கேட்பது? சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு வழக்கம்போல ஆன்டாசிட் குடித்தேன். அடுத்த பத்தாவது நிமிடம் சூடான பாலில் இரண்டு மாத்திரை. பத்து மணிவாக்கில் மேல்வயிற்றில் எரிச்சலும் குமட்டலும். சரி, மருந்து வேலையைத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்று வரை காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. கடைக்குப் போன் போட்டேன். “அதான் சொன்னேனே, இன்னும் ரெண்டு போடுங்க.” போட்டேன்.

இரண்டரை மணிக்கு ஆரம்பித்தது. வயிற்றைத் துணி பிழிகிற மாதிரி பிழிந்தது. எத்தனை முறை போனேன் என்று ஏழுக்கு மேல் எண்ணவில்லை. கடைசி முறை எழுந்து கை கழுவப் போனது நினைவிருக்கிறது. அப்புறம் தரையின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டதுதான் நினைவு. வாஷ்பேசின் விளிம்பில் தாடை இடித்துக் கிழிந்திருந்தது.

அவசரப் பிரிவில் கேட்ட முதல் கேள்வியே “என்ன மாத்திரை போட்டீங்க?” என்பதுதான். எனக்கு எப்படித் தெரியும்? வெட்டிய அட்டைத் துண்டை நீட்டினேன். பின்பக்க அலுமினியத் தாளில் பெயரின் கடைசி மூன்று எழுத்தும், மில்லிகிராம் அளவில் பாதியும் இருந்தன. பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் கடைக்காரனிடமே தங்கிவிட்ட பாதியில். டியூட்டி டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆஸ்பத்திரி மருந்தாளுநரையும் கூப்பிட்டுக் காட்டி, கடைசியில் பிஸாகோடைல் 5 மில்லிகிராம் என்று கண்டுபிடித்தார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம் இறங்கியிருந்தது. தாடையில் மூன்று தையல்.

விடிந்ததும் அந்த மருந்தாளுநர் கட்டிலருகே நின்று சொன்னதைத்தான் கடையில் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிஸாகோடைல் குடலைத் தூண்டிவிட்டுச் சுருங்க வைக்கிற ரகம். மாத்திரையைச் சுற்றி ஒரு பூச்சு இருக்கும். வயிற்றின் அமிலத்தில் கரையாமல், குடலுக்குப் போன பிறகே கரைய வேண்டும் என்பதற்காகப் பூசியது அது. பாலோ ஆன்டாசிட்டோ வயிற்றின் அமிலத்தைக் குறைத்தால், பூச்சு வயிற்றிலேயே கரைந்துவிடும். எரிச்சலும் குமட்டலும் அங்கிருந்துதான் வருகின்றன. அதனால் இந்த மாத்திரைக்கும் பால், ஆன்டாசிட்டுக்கும் நடுவே குறைந்தது 1 மணி நேரம் இடைவெளி வேண்டும். கடிக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, தண்ணீரில் முழுசாக விழுங்க வேண்டும். நான் ஒன்றுக்கு இரண்டாகப் பாலும் ஆன்டாசிட்டும் சேர்த்துக் குடித்திருந்தேன்!

அடுத்து அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “இது வேலை செய்யவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். மூணு மணி நேரத்துல அடுத்த டோஸ் போடச் சொன்னது யாரு?” ராத்திரி படுக்கப் போகும்போது போட்டால் காலையில் போகும், அதுதான் கணக்கு. பெரியவர்களுக்கு வழக்கமாக 5 முதல் 10 மில்லிகிராம். முதல் தடவை என்றால் 5 போதும். எனக்கு உள்ளே போனது 20.

கேட்கவில்லை என்று மறுபடி போடுவது மற்ற சில பேதி மருந்துகளில் இன்னும் மோசம். வாயால் குடிக்கும் சோடியம் பாஸ்பேட் கரைசல் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014 ஜனவரியில் தனியாகவே ஓர் எச்சரிக்கை விட்டது. ஒரு நாளில் ஒரு டோஸுக்கு மேல் எடுத்தவர்களுக்கு உடம்பின் நீரும் உப்புகளும் தாறுமாறாகி, சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்பட்டு, உயிரிழப்பு வரை போயிருக்கிறது. 55 வயதைத் தாண்டியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை அல்லது சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. மில்க் ஆஃப் மெக்னீசியாவும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது, மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கிவிடும். இசப்கோல் சாதுதான், ஆனால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும்.

இந்தக் கதையைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர், “நான் இங்கிலீஷ் மருந்தே தொடுறதில்ல, மூலிகைப் பொடிதான், மூணு வருஷமா தினமும்” என்று பெருமையாகச் சொன்னார். டப்பாவை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘பக்க விளைவு அற்றது’. பின்பக்கம் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் முதல் சரக்கே நிலாவாரை, அதாவது சென்னா. அதுவும் பிஸாகோடைல் மாதிரியே குடலைத் தூண்டும் ரகம்தான். டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாதது. மூன்று வருஷமா! அவர் இதயத்துக்கு டைகாக்ஸின் வேறு சாப்பிடுகிறார். பேதியில் பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தின் நச்சுத்தன்மை ஏறும். டப்பாவோடு அவரை டாக்டரிடம் அனுப்பி வைத்தேன்.

தையல் பிரித்த பிறகு அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது? முதலாளி இருந்தார். “எல்லாருக்கும் இதைத்தாங்க கொடுக்கிறோம், உங்களுக்கு மட்டும் உடம்பு தாங்கல” என்றார். பில் இல்லாததால் நான் அங்கே வாங்கியதற்கே அத்தாட்சி இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டே நினைவூட்டினார். ஆகவே, நாலு மாத்திரை வாங்கினாலும் பில் கேளுங்கள். பெயரும் தேதியும் உள்ள பகுதியைக் கேளுங்கள். அதை வெட்டித் தர முடியாது என்றால், முழு அட்டையைக் கையில் வாங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற மற்ற மருந்துகளைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பின்னால் நிற்பவர் காதில் விழுந்தால் விழட்டும்.

இன்னொன்று. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது பேதி மாத்திரை போடும் நேரமே இல்லை. குடல் அடைத்திருக்கலாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதுவரை சரியாக இருந்த பழக்கம் திடீரென்று மாறுவது, இவையும் கடையில் தீர்க்கிற சமாச்சாரம் அல்ல. குழந்தைகளுக்கு ‘பாதி மாத்திரை’ என்று உடைத்துக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூச்சு உள்ள மாத்திரையை உடைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

என் விஷயத்தில் டாக்டர் முதலில் கை வைத்தது இரும்பு மாத்திரையில். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார். ஆன்டாசிட் இரும்பு உடம்பில் சேர்வதையும் கெடுக்குமாம், அதையும் நிறுத்தச் சொன்னார். மலம் போக, பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி 17 கிராம் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து தினம் ஒரு வேளை. குடலைத் தூண்டாமல், மலத்தில் தண்ணீரைப் பிடித்துவைத்து இளக்குகிற மருந்து அது. “ஒண்ணு ரெண்டு நாள் ஒண்ணும் நடக்காது, பதறி ரெண்டாவது பொட்டலத்தைப் பிரிச்சுடாதீங்க” என்று சிரித்தார்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. பொட்டலத்தைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் காலை, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், போனது.