போகும்போது இரண்டு பெட்டி, திரும்பும்போது நான்கு

சிங்கப்பூரில் இருக்கும் என் அம்மாவுக்கு பிரிட்டன் முழுவதுமே லண்டன்தான். நாங்கள் மான்செஸ்டருக்குக் குடிபோய்ப் பத்து ஆண்டாகியும் "லண்டன்லேர்ந்து எத்தனை பெட்டி வருது?" என்றுதான் கேட்பார். இந்த ஜூலையில் அவரைப் பார்க்கக் கிளம்பும்போது "ரெண்டு" என்று சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நாலு பேர், மூன்று வாரம், இரண்டே பெட்டி. எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டார் போல.

சண்டை எதுவும் இல்லை. போன தடவை பட்ட பாடுதான் காரணம். ஆளுக்கு 23 கிலோ என்று நாலு பெட்டியையும் நிரப்பிக்கொண்டு போனோம். பாதித் துணி மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வந்தது. என் கணவர் மறக்காமல் மூன்று பிளக் அடாப்டர் வேறு எடுத்து வைத்திருந்தார். சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் ஒரே சதுரக் குச்சி பிளக், ஒரே 230 வோல்ட். சிங்கப்பூர்ப் பெண்ணைக் கட்டிப் பன்னிரண்டு வருஷமாகியும் சேலத்துக்காரருக்கு அது தெரியவில்லை.

ஆகவே இந்த முறை பெட்டிக்குள் பெட்டி. இரண்டு பெரிய பெட்டிகளுக்குள் இரண்டு சின்னப் பெட்டிகள், அந்தச் சின்னதுகளுக்குள் துணி. ஆளுக்கு நாலு செட்டுதான். ஒருவர் துணி முழுவதையும் ஒரே பெட்டியில் போடாமல் இரண்டிலும் பிரித்து வைத்தேன். ஒன்று வராமல் போனாலும் யாரும் கட்டின துணியோடு நிற்க வேண்டாம் அல்லவா? மொத்தம் 41 கிலோ. பவர் பேங்க் பெட்டியில் போகக் கூடாது என்பதால் அது கைப்பையில். மகன் பையின் பக்கவாட்டில் கிடந்த சூயிங்கத்தைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து எடுத்தேன். 1992-லிருந்து அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டு வர முடியாது என்று சொன்னால் பதினொரு வயதுப் பையன் நம்ப மாட்டேன் என்கிறான்.

சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான எஸ்ஜி அரைவல் கார்டை மட்டும் மறக்க வேண்டாம். வந்து சேர்வதற்கு முன்பே, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். விமானத்தில் வந்தால் குடிமக்களுக்கும் உண்டு. காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் சோதனை. நீலப் பெட்டியின் ஒரு சக்கரத்தைக் காணோம். கழன்றுகூட இல்லை, அடியோடு பிய்ந்திருந்தது. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றார் கணவர். விடவில்லை நான். சாமான் வரும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே புகார் முகப்பு இருக்கிறது. அங்கேயே படம் எடுத்து, புகார் எழுதி, எண் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது உலக விமானப் பயண ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் வெளியே வந்த பிறகு, அது விமானத்தில்தான் உடைந்தது என்று நிரூபிப்பது நம் பாடு. முகப்பில் இருந்த பெண் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். விமான நிறுவனத்தின் பதில்தான் நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, அடுத்த பயணத்துக்கான ஒரு தள்ளுபடிச் சீட்டாக வந்தது. அதற்கு நன்றி சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

சக்கரத்தைச் சரி செய்தவர் அங் மோ கியோவில் அம்மா வீட்டுப் பக்கத்துச் சந்தையோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சீனத் தாத்தா. செருப்புத் தைப்பவர். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நல்ல சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார். தகர டப்பாவைக் கொட்டினார். ஐம்பது அறுபது சக்கரம் இருக்கும், எல்லாம் செத்த பெட்டிகளிலிருந்து எடுத்தவை. ஒன்றொன்றாகப் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தார். ஏழாவதோ எட்டாவதோ பொருந்தியது. பழைய ஆணியைத் துளையிட்டு எடுத்து, புது திருகாணி போட்டு, பெட்டி மேல் தானே ஏறி உட்கார்ந்து காட்டினார். 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சக்கரம் சிவப்பு, பெட்டி நீலம். பெல்ட்டில் வரும்போது தூரத்திலேயே தெரியும் என்று மகள் சொன்னாள்.

நாலு செட்டுத் துணி போதுமா என்று கேட்பவர்களுக்கு: போதும். அம்மா வீட்டில் சலவை இயந்திரம் இருக்கிறது, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியும் இருக்கிறது. பிரச்சினை மழைதான். இந்த மாதங்களில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து காற்றோடு அடிக்கும் மழை, ராத்திரி காயப்போட்ட எல்லாவற்றையும் திரும்ப அலசிவிட்டுப் போகும். அப்போதெல்லாம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காசு போடும் சலவைக் கடைதான். உலர்த்தியில் போட்டுவிட்டுக் காப்பிக்கடையில் பிராட்டாவும் (பரோட்டாதான்) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) முடிப்பதற்குள் துணி சுடச்சுடத் தயார். ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் எல்லாத் துணியையும் அங்கேதான் உலர்த்தினோம். ஈரம் போனாலே பெட்டியில் எடை குறையும்.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்தின் மேல்மாடித் தையல்காரரிடம் நாலு ரவிக்கை கொடுத்தேன். "வியாழக்கிழமை வாங்கக்கா" என்றார். வியாழன் போனால் சனி. சனி போனால் மூன்றுதான் இருக்கிறது. தையல் அருமை, நாள் கணக்கு அவருக்கும் கடவுளுக்கும் இடையில். கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

முஸ்தபா கடையில் மிக்ஸி வாங்கினோம். இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது என்றால் உருண்டைக் குச்சி பிளக்கோடு அல்லாட வேண்டும், இங்கே சதுரக் குச்சியோடே கிடைக்கிறது. இதில் ஒரு கணக்கு உண்டு. 9 விழுக்காடு ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறுவது சுற்றுப்பயணிகளுக்குத்தான். நான் சிங்கப்பூர்க் குடிமகள், எனக்குக் கிடையாது. பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் கணவருக்கு உண்டு. பில் குறைந்தது 100 வெள்ளி இருக்க வேண்டும், கைக்கு வருவது கட்டணம் போக மிச்சம். பொருளைப் பெட்டியில் அனுப்புவதாக இருந்தால், பெட்டியைப் போடுவதற்கு முன்பே சாங்கியில் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறும் இயந்திரத்துக்குப் போக வேண்டும். சுங்கத்தில் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். அதனால் மிக்ஸியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் அடியிலிருந்து ஒரு ஐபேடைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் சேலை.

கடைசி ராத்திரி அம்மாவின் முறை. மிளகாய்ச் சம்பால் பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே மூடி திருகி, அதைத் துண்டில் உருட்டி, இட்லிச் சட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் பேரனின் காலுறைகளைத் திணித்தார். இருபது வருஷமாக அவர் கட்டிய ஒரு பாட்டிலும் ஒழுகியதில்லை. சம்பாலும் ஊறுகாயும் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் என்றால் கைப்பையில் வேண்டாம். தொங்கு தராசில் நான் தூக்க, கணவர் டார்ச் அடித்து எண் படிக்க, மகன் எழுதிக்கொண்டான்: 22.8, 22.5, 21.9, 22.6.

"இன்னும் ரெண்டு கிலோ போடலாமே" என்று அம்மா பால்கோவா டப்பாவை நீட்டினார். பாலில் செய்த எதையும், இறைச்சியையும், சிங்கப்பூரிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டு போக முடியாது என்று மூன்றாவது தடவையாகச் சொன்னேன். "சின்ன டப்பாதானே" என்றார். நான் குளிக்கப் போய் வந்து பார்த்தால், சிவப்புச் சக்கரப் பெட்டியின் முன்பையில் டப்பா இருந்தது. சத்தமில்லாமல் எடுத்து ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போடும்போது வாட்ஸ்அப் வந்தது. "பால்கோவா இங்கயே இருக்கு. ரவிக்கையும் ஒண்ணு வந்திருக்கு, தையக்காரர் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தார்."