ஆர்மி பெயின்டர் குவிக் ஷேட்: முக்க வேண்டாம், பூசுங்கள்

பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரான ரோஜாப் போர்களின் ஒரு பக்கத்துப் படையை, மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக 28 மில்லிமீட்டர் உயர அளவில் நிறுத்த நூறு, நூற்றைம்பது பொம்மைகளாவது வேண்டும். பெர்ரி மினியேச்சர்ஸின் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் வில்லாளிகளும் பில் என்னும் நீள்கத்திக் கம்பு ஏந்தியவர்களுமாக 40 பேர் இருக்கிறார்கள். மூன்று நான்கு பெட்டி வாங்குவது சுலபம், வர்ணம் தீட்டி முடிப்பதில்தான் சிக்கல். மடிப்புக்கு மடிப்பு நிழல், விளிம்புக்கு விளிம்பு வெளிச்சம் என்று மூன்று அடுக்காக இறங்கினால் முதல் பெட்டி முடிவதற்குள் ஆர்வம் தீர்ந்துவிடும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆர்மி பெயின்டர் நிறுவனத்தின் குவிக் ஷேட் டப்பா இந்தச் சிக்கலுக்கான மருந்து. ஆனால் எல்லாப் படைக்கும் ஒத்துவராது. எந்தக் காலத்து, எந்த நிறச் சீருடைக்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இது நல்ல சரக்கா, வீண்செலவா என்று சொல்ல முடியும்.

டப்பாவுக்குள் இருப்பது சாயம் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷ். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மரச்சாமானுக்கு அடிக்கும் நிறவார்னிஷைப் பொம்மைமேல் பூசும் பழக்கம் இந்த நிறுவனத்துக்கும் முந்தையது. அமெரிக்காவில் அதற்கு மின்வாக்ஸ் பாலிஷேட்ஸ் பேர்போனது. ஆர்மி பெயின்டர் செய்தது, சாயத்தின் அடர்த்தியைப் பொம்மைக்கு ஏற்றபடி அமைத்து, 250 மில்லி டப்பாவில் மூன்று வகையாகக் கொடுத்தது: வெளிர்பழுப்பில் சாஃப்ட் டோன், அடர்பழுப்பில் ஸ்ட்ராங் டோன், கறுப்புச் சாயலில் டார்க் டோன். பூசியதும் அது மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. பள்ளம் இருண்டு மேடு தெளிவதால் மூன்று அடுக்கு வேலையில் இரண்டு அடுக்கு தானாக நடந்துவிடுகிறது.

அதனால் அடியில் இருக்கும் வர்ணம் சரியாக இருக்க வேண்டும். எந்த நிறம் வேண்டுமோ அதைவிட ஒரு படி வெளிறியதாக அடியுங்கள், டோன், அதாவது இந்த நிறவார்னிஷ், ஏறியதும் எல்லாமே ஒரு படி இறங்கிவிடும். ரோஜாப் போரின் ஒரு தரப்பான யார்க் வம்சத்துக்காரர்களின் பாதி கருஞ்சிவப்பும் பாதி நீலமுமான அங்கிக்குப் படத்தில் காணும் அதே அடர்த்தியில் வர்ணம் அடித்தால், கடைசியில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரியாமல் கறுத்துப்போகும். வர்ணம் நீரில் கரையும் அக்ரிலிக்காக இருக்கட்டும், இரவு முழுக்கக் காயட்டும். இந்த வார்னிஷின் கரைப்பான் டர்பன்டைன் ரகம். காய்ந்த அக்ரிலிக்கை அது தொடாது, எண்ணெய் வர்ணமான எனாமலைக் கிளப்பிவிடக்கூடும். இரண்டு நிறங்களுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி விட்டுப்போயிருந்தால் டோன் அதில் கோடாக இறங்கி மறைத்துவிடும். வர்ணத்துக்கு முன் அடிக்கும் பிரைமர் வெள்ளையாக இருந்து திட்டாகத் தெரிந்தால் மறைக்காது, பழுப்புக் கறையாக எடுத்துக்காட்டும். ஆகவே வெள்ளையைவிட நிற பிரைமர் நல்லது. தோலும் மரமும் நிறைந்த இடைக்காலப் படைக்கு இதே நிறுவனத்தின் லெதர் பிரவுன் ஸ்பிரே போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது, நிறுவனமே பரிந்துரைக்கும் முறை: பொம்மையைக் குறடால் பிடித்து டப்பாவில் முக்கி, வெளியே எடுத்து உதறுவது. அதைத் தயங்காமல் ஒதுக்கலாம். உதறும் வேகத்தில் ஒட்டிய கை கழன்று பறக்கும். சுவரெல்லாம் பழுப்புப் புள்ளி விழும். எவ்வளவு உதறினாலும் முகத்தில் மிச்சம் தங்கிக் கண் இரண்டும் குழியாகிவிடும். முக்கி எடுக்க எடுக்கத் தூசியும் தளர்ந்த வர்ணத் துணுக்கும் டப்பாவுக்குள்ளேயே சேரும். பழைய செயற்கைமயிர் பிரஷ் ஒன்றால் பூசினால் ஒரு காலாள் வீரனுக்கு அரை மில்லியே தாராளம். அந்தக் கணக்கில் ஒரு டப்பா சில நூறு பேருக்கு வரும்.

டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்குங்கள். சாயம் அடியில் படியும், மேலாக மட்டும் கலக்கினால் கிடைப்பது வெறும் மினுமினுப்பு வார்னிஷ்தான். பத்துப் பத்துப் பேராக எடுத்துக்கொண்டு தலைக்கவசத்தில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். பத்தாவது ஆள் முடிந்ததும் முதல் ஆளுக்குத் திரும்பி, டிஷ்யூவில் துடைத்த பிரஷ் நுனியால் தேங்கியதை உறிஞ்சி எடுங்கள். தேங்கும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: தாடைக்கு அடி, அக்குள், வில்லுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட சந்து, இரண்டு கால்களின் கவட்டை, பொம்மை நிற்கும் தளத்தைக் காலணி தொடும் இடம். குதிரை என்றால் அடிவயிறும் பிடரிக்குக் கீழும். பிசுக்கு ஏறத் தொடங்கிய பிறகு பிரஷ் வைக்கவே கூடாது, இழுத்த தடம் நிரந்தரமாக நின்றுவிடும். தளத்து மணலும் புல்லும் இந்தக் கட்டத்தில் இருக்கக் கூடாது. மணல் டோனை உறிஞ்சிக் கருஞ்சேறாகிவிடும், தளவேலை கடைசியில்தான். காகிதக் கொடியும் அப்படியே, எண்ணெய்ப் பசை இறங்கினால் காகிதம் கண்ணாடிபோல் ஆகிவிடும்.

காய 24 மணி நேரம், ஈரக்காற்று உள்ள ஊரில் 48. தூசி விழாமல் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடுங்கள். பெட்டியைத் திறக்கும்போது பொம்மைகள் எல்லாம் நெய்யில் வறுத்த முந்திரி மாதிரி பளபளக்கும். புதிதாக வாங்கியவர்கள் பணம் போச்சே என்று தலையில் கைவைக்கும் நேரம் இதுதான். இதன்மேல் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஏறினால்தான் நிழல் நிழலாகத் தெரியும். நிறுவனத்தின் ஆன்டி ஷைன் ஸ்பிரே இதற்கானது, வறண்ட நாளில் மிக நன்றாக வேலை செய்யும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் மழை நாளிலோ அதிகாலையிலோ அதைத் தொட்டீர்களானால் பொம்மைமேல் வெண்பூஞ்சை படிந்தது போலப் படலம் விழும். அதன்மேல் மறுபடி பளபளப்பு வார்னிஷ் ஒரு கை பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் அந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு, தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லிசாக இரண்டு முறை பூசுவதே உத்தமம். முதல் முறை பளபளப்பின்மேல் சரியாகப் பிடிக்காமல் விலகி நிற்கும், இரண்டாவது முறை சரியாகும். டோன் முழுக்கக் காயாமல் மேட் பூசினால் அடியில் பிசுபிசுப்பு சிறைப்பட்டு நாள்கணக்கில் ஒட்டும்.

இனி யாருக்கு இது ஒத்துப்போகும் என்பது. ரோஜாப் போர்ப் படைக்கு ஸ்ட்ராங் டோனை மிஞ்ச ஆளில்லை. பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கியின் தையல் வரிகள், சங்கிலிக் கவசத்தின் வளையங்கள், தோல் வார், கம்பு என எல்லாமே பள்ளமும் மேடும் நிறைந்தவை. அழுக்கும் சேறும் படிந்த தோற்றம் அவற்றுக்குப் பொருந்தவும் செய்யும். தகட்டுக் கவசம் மட்டும் மங்கிப்போகும், மேட் ஆனபின் வெள்ளி வர்ணத்தை உலர்பிரஷ்ஷில், அதாவது வர்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷில், லேசாக உரசினால் மீண்டுவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தென்மாநிலப் படைக்கும் இதே மதிப்பெண். சாம்பலும் மங்கிய பழுப்பும் கந்தலுமாகத் திரிந்தவர்களுக்கு இந்தப் பழுப்பு தைத்துப் போட்டது போல் அமைகிறது.

நெப்போலியன் காலத்துக்கு வந்தால் பேச்சு மாறுகிறது. பிரிட்டிஷ் சிவப்புக் கோட்டுக்கு ஸ்ட்ராங் டோன் அழகு, ஆனால் மார்பின் குறுக்கே ஓடும் வெள்ளை வார் இரண்டும் தேநீரில் நனைத்த துணியாகிவிடும். அந்த வாரை மறுபடி வெள்ளையால் தீட்டியே ஆக வேண்டும், அதையும் மேட் வார்னிஷுக்குப் பிறகு. பளபளப்பின்மேல் அக்ரிலிக் திரண்டு உருண்டு நிற்கும், பிடிக்காது. பிரெஞ்சு நீலத்துக்கு ஸ்ட்ராங் டோன் ஒரு பச்சைச் சாயலைக் கொடுத்துவிடுகிறது; அங்கே டார்க் டோன், அதுவும் அடிநீலம் நன்றாக வெளிறியதாக இருந்தால் மட்டும். ஆஸ்திரிய வெள்ளைச் சீருடைதான் இந்த டப்பாவின் தோல்வி. சாஃப்ட் டோன் போட்டாலும் முதுகும் கோட்டு வாலும் திட்டுத்திட்டாக மஞ்சளிக்கும். வெள்ளையை மீண்டும் முழுக்க ஏற்றுவதென்றால் மிச்சப்படுத்திய நேரம் எங்கே? ஆஸ்திரியர்களுக்கு வெளிர்சாம்பல் அடிவர்ணமும் கையால் தீட்டிய வெள்ளையுமே சரி.

விதி ஒன்றுதான்: தட்டையான பரப்பு பெரிதானால் டோன் தோற்கும். குதிரையின் பின்புறம், விரித்த மேலங்கி, கேடயம், டாங்கியின் பக்கவாட்டு எல்லாவற்றிலும் கரை கட்டிய கறை வரும். பழுப்புக் குதிரை தப்பிக்கும், வெள்ளைக் குதிரை தப்பிக்காது.

மேசையில் நிற்கும் சுற்றுப்புறத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம். முள்வேலி, மரவேலி, மாட்டுவண்டி, மரச்சட்டம் போட்ட வீடு ஆகியவற்றுக்கு வெளிர்பழுப்பு அடித்து ஸ்ட்ராங் டோன் இழுத்தால் மரநார் வரிவரியாக எழுந்து நிற்கும். வெறும் தெர்மோகோல்மேல் மட்டும் இதன் பக்கமே போகாதீர்கள், மேலே அடிக்கும் ஸ்பிரே வார்னிஷ் தெர்மோகோலைத் தின்றுவிடும். பசையோடு கலந்த வர்ணத்தால் அதை முழுக்க மூடிய பிறகே ஸ்பிரே.

இதே நிறுவனம் இதே டோன் பெயர்களில் 18 மில்லி குப்பியில் விற்கும் வாஷ் என்னும் நீர்த்த சாயம் வேறு சரக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சீக்கிரம் காயும், நாற்றமில்லை, தண்ணீரில் பிரஷ் கழுவலாம். ஆனால் கவசம்போல் மூடும் வார்னிஷ் அதில் கிடையாது. உலோகப் பொம்மைகளுக்கு அந்த மூடாக்கு பெரிய விஷயம். விளையாட்டில் வரிசை வரிசையாகக் கையால் தள்ளும்போது ஈட்டி முனையிலும் துப்பாக்கி நுனியிலும்தான் வர்ணம் முதலில் உதிரும், டப்பா டோன் போட்டவை வருடக்கணக்கில் தாங்குகின்றன. அடிவர்ணத்தையும் நிழலையும் ஒரே பூச்சில் கொடுக்கும் ஸ்பீட்பெயின்ட் இன்னொரு மாற்று. 2022இல் வந்த முதல் பதிப்பின்மேல் ஈர பிரஷ் பட்டால் வர்ணம் மறுபடி கரைந்து கிளம்பியது, 2023இன் இரண்டாம் பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். பழைய இருப்பைத் தள்ளுபடியில் கண்டால் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

வாங்குவதில் ஒரு தொல்லை உண்டு. எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் டப்பாவையும் ஸ்பிரேயையும் சாதாரண விமானத் தபாலில் ஏற்றமாட்டார்கள். உள்ளூரில் இருப்பு வைத்திருக்கும் கடை அமைந்தால்தான் கிடைக்கும். ஒரே ஒரு டப்பா என்றால் ஸ்ட்ராங் டோன். வாங்கியதும் மூன்றில் ஒரு பங்கைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி அதிலிருந்து வேலை செய்யுங்கள். பெரிய டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் மேலே பாலாடை போல ஆடை கட்டும், அந்த ஆடையின் துணுக்கு முகத்தில் ஒட்டினால் எடுக்க முடியாது. விளிம்பின் பள்ளத்தைத் துடைத்த பிறகு மூடியை அழுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை ஸ்க்ரூடிரைவருக்கும் மசியாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் வார்னிஷ் ஊறிய துணி சுருண்டு கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், வெளியே விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.