கீழக்கரையில் கிளவுட் கேமிங்: பெட்டியைத் தூக்கிப் போடலாமா?

கன்சோல், அதாவது டிவியில் மாட்டி ஆடுகிற விளையாட்டுப் பெட்டி, இருப்பவர்கள் இப்போதைக்கு விற்க வேண்டாம். இல்லாதவர்கள் அரை லட்சத்தைக் கொட்டும் முன் ஒரு மாதம் கிளவுடில், அதாவது பெட்டி இல்லாமல் இன்டர்நெட் வழியாக, ஆடிப் பாருங்கள். இதுதான் என் தீர்ப்பு, அவசரக்காரர்கள் இத்தோடு போய்விடலாம்.

எங்கள் கரையில் இந்தக் கேள்விக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சென்னையில் இருப்பவர் கிளவுடா கன்சோலா என்று யோசித்தால் விலையைப் பற்றி யோசிக்கிறார். கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர் உப்புக்காற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கடல் பக்கம் ஜன்னல் உள்ள வீட்டில் கன்சோல் வைத்தால், உள்ளே இருக்கிற ஃபேன் நாள் முழுக்க அந்த ஈரக்காற்றைத்தான் இழுத்து போர்டு மேல் ஊதுகிறது. துபாயிலிருந்து என் மச்சான் கொண்டுவந்து கொடுத்த பெட்டியைத் திறந்து பார்த்தபோது எச்டிஎம்ஐ போர்ட் ஓரத்தில் பச்சை பிடித்திருந்தது, ஃபேன் இறக்கையில் தூசியும் உப்பும் சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தது, ஸ்குரூ தலையெல்லாம் துரு. ராமநாதபுரத்தில் சர்வீஸ் செய்கிற அண்ணன் பெட்டியைப் பார்த்ததுமே "கடலோர வீடா தம்பி?" என்று கேட்டார். சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, அடுத்த வருஷமும் வருவீங்க என்றார். சோனியின் பிஎஸ்5 கன்சோல் 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், அப்புறம் அதுவும் ஏறிவிட்டது. அவ்வளவு விலைப் பொருளை உப்புக்குத் தின்னக் கொடுப்பதா என்றுதான் கிளவுட் பக்கம் போனேன்.

கிளவுடில் விளையாட்டு ஓடுவது எங்கோ இருக்கிற டேட்டா சென்டரில், நம் வீட்டுக்கு வருவது அதன் வீடியோ மட்டும். பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி அங்கே போய், அங்கே படம் உருவாகி, சுருக்கப்பட்டு, திரும்ப வந்து, நம் டிவி அதை விரித்துக் காட்ட வேண்டும். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், ஆயிரம் கிலோமீட்டர் போய்வர 10 மில்லிசெகண்ட்தான், அது பெரிய விஷயமில்லை. ஆனால் ஒயர் நேராகப் போவதில்லை, நடுவில் எத்தனையோ ரவுட்டர், அதற்கு மேல் வீடியோவைச் சுருக்கி விரிக்கிற நேரம். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட், ஆக மூன்று நான்கு ஃபிரேம் தள்ளிப்போனாலே கை கண்டுபிடித்துவிடும்.

நான் சந்தா போட்டது எந்தச் சேவை என்று சொல்லப் போவதில்லை, குறை பாதி அவர்களுடையது, பாதி எங்கள் தெரு ஒயருடையது, பிரித்துச் சொல்ல முடியாது. பழைய லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து, கன்ட்ரோலரை இணைத்தேன், டவுன்லோடு எதுவும் இல்லாமல் பெரிய விளையாட்டு ஒன்று உடனே ஓட ஆரம்பித்தது. நூறு ஜிபி இறங்கும் வரை காத்துக்கிடந்தவனுக்கு இதெல்லாம் பெருநாள்தான். கதை விளையாட்டு, யோசித்து மெதுவாக நகர்த்துகிற விளையாட்டு, ஃபுட்பால் வரைக்கும் குறையே சொல்ல முடியாது. கார் ரேஸில் வளைவு கொஞ்சம் முன்னாடியே திருப்பப் பழகிக்கொண்டால் போதும்.

கிரிக்கெட்டில்தான் வண்டவாளம் வெளியே வந்தது. வேகப்பந்துக்கு டைமிங் என்பது அந்த நான்கு ஃபிரேமுக்குள்தான் இருக்கிறது. சின்னம்மா மகன் கன்ட்ரோலரை வாங்கினான், மூன்று பந்தில் இரண்டு முறை போல்டு, "காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்), நான் அடிச்சிட்டேன், டிவில இருக்கிற இவன் யோசிச்சு யோசிச்சு அடிக்கிறான்" என்று கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். சண்டை விளையாட்டும் ஆன்லைனில் சுட்டுக்கொள்வதும் அதே கதி, எதிராளி வீட்டில் பெட்டி வைத்திருக்கிறான் என்றால் நாம் செத்த பிறகுதான் அவனைப் பார்ப்போம்.

படம்? பகல் காட்சியில் அருமை. மழை, புல்வெளி, புகை வந்தால் கட்டம் கட்டமாக உடைகிறது, ஏனென்றால் திரை முழுக்க ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டே இருந்தால் வீடியோவைச் சுருக்குவது கஷ்டம்.

ஸ்பீடு எவ்வளவு வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டால் தீர்ந்தது என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. 15 முதல் 25 வரை நிலையாக வந்தாலே 720, 1080 தெளிவுள்ள படத்துக்குப் போதும். வேகத்தைவிட அது ஆடாமல் வருவதுதான் முக்கியம், இரவு எட்டு மணிக்கு ஊரே சீரியலும் ரீல்ஸும் பார்க்கும்போது பிங், அதாவது செய்தி போய்த் திரும்புகிற நேரம், ஒரு நொடி நாற்பது மில்லிசெகண்ட், அடுத்த நொடி நூற்றைம்பது என்று குதித்தால் 100 எம்பிபிஎஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. மொபைல் டேட்டாவை மறந்துவிடுங்கள், 15 எம்பிபிஎஸ்ஸில் மணிக்கு ஏறக்குறைய ஏழு ஜிபி, தினசரி 2 ஜிபி பேக் பதினெட்டு நிமிஷத்தில் காலி.

அப்புறம் மழைக்காலம். ஐப்பசி கார்த்திகையில் கரண்ட் போனால் கன்சோலை இன்வெர்ட்டரில் போட்டு ஆடலாம். கிளவுடில் நம் ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடினாலும், கேபிள் ஆபீஸில் பேட்டரி இறங்கிவிட்டால் ஒன்றும் வராது. இபி கம்பத்தில் தொங்குகிற ஃபைபர் காற்றுக்கு அறுந்தால் அடுத்த நாள் ஆள் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். நான் போன் போட்டேன், "லைன்ல வேலை நடக்குது" என்ற அதே பதில்.

இன்னொரு பயமும் உண்டு. கூகுளின் கிளவுட் கேமிங் சேவை ஸ்டேடியா 2019 நவம்பரில் ஆரம்பித்து 2023 ஜனவரியில் இழுத்து மூடப்பட்டது, இந்தியாவுக்கு அது வரவே இல்லை. வாங்கிய விளையாட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. அதற்கும் முன்னால் 2010இல் வந்த ஆன்லைவ் என்ற இன்னொரு கிளவுட் சேவை 2015இல் மூடியது. கூகுள் மாதிரி பெரிய கம்பெனியே கைவிடும்போது, நாம் மாதாமாதம் கட்டுவது வாடகை, சொத்து இல்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 2025 நவம்பரில்தான் இந்தியாவில் கிளவுட் சேவையைத் திறந்தது, ஆகவே இங்கே இது இன்னும் தவழ்கிற பிள்ளை. டிஸ்க் வாங்கினால் ஆடி முடித்து விற்றுவிடலாம், அந்த வசதியும் இதில் கிடையாது.

இதையெல்லாம் மீறி முயற்சி செய்கிறவர்களுக்கு: வைஃபை வேண்டாம், லேன் ஒயர் போடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்ட், ரவுட்டர் இருக்கிற அறையிலேயே உட்காருங்கள். டிவியில் படம் தாமதமாகாமல் இருக்க கேம் மோடைத் தட்டிவிடுங்கள், நிறையப் பேர் இதை விட்டுவிட்டு இன்டர்நெட்டைத் திட்டுகிறார்கள். கன்சோல் வைத்திருப்பவர்கள் அதைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், ஆடாதபோது துணி போட்டு மூடுங்கள், ஆனால் ஓடும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

நான் இப்போது சந்தாவை நிறுத்திவைத்திருக்கிறேன். மாடி ரூமுக்கு லேன் ஒயர் இழுத்த பிறகு, தை பிறந்து காற்றும் மழையும் அடங்கியதும் திரும்பப் போடுவேன், கதை விளையாட்டுக்கு மட்டும். கிரிக்கெட் பச்சை பிடித்த பெட்டியிலேயே நடக்கும்.